உண்டியலில் இருந்த வாசம்

அன்புள்ள ஐயா,

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கிறேன். மனித உடல் வாசம் கைரேகை மாதிரி ஆளுக்கு ஆள் வேறு, அதை வைத்தே குற்றவாளியைப் பிடிக்கலாம் என்று வாசித்தேன். கையுறை போட்டு ரேகையை மறைக்கலாம், வாசத்தை எப்படி மறைப்பது? நாயின் மூக்கு பொய் சொல்லாதே, நம் நீதிமன்றங்களும் இதை ஏற்றால் என்ன? இந்தத் துறையில் மேற்படிப்பு படிக்கலாமா? நீங்கள் கதைகளை விட்டு இப்படியான விஷயங்களை எழுதுவதில்லை என்ற குறையும் உண்டு.

ஒரு வாசகன், செங்கலடி

தம்பி,

குறை கிடக்கட்டும். கையுறை விஷயமும் சரிதான். 'நாயின் மூக்கு பொய் சொல்லாது' என்ற வரியைத் தாண்டித்தான் என்னால் போக முடியவில்லை. போன கிழமை மாமாவின் ஆட்டத்திவசம். அன்றிலிருந்து மண்டைக்குள் இதுதான்.

மூக்கில் பிழை இல்லை. ஒரே வீட்டில் வளர்ந்த, உருவத்தில் அச்சு அசலான இரட்டையரைக்கூட செக் நாட்டுப் பொலிஸ் நாய்கள் பிரித்துக் காட்டின என்று 2011இல் ஆய்வு வந்தது. 2023இல் புளோரிடாவில் 60 பேரின் உள்ளங்கை வாசத்தை எடுத்து, சேர்வை சேர்வையாகப் பிரித்துப் பார்த்து, ஆணா பெண்ணா என்பதை 96 வீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். ஆணா பெண்ணா என்று! யார் என்றல்ல. விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை இந்த இரண்டையும் போட்டுக் குழப்பலாமா?

நெதர்லாந்தில் முன்பு சந்தேக நபரும் வேறு சிலரும் கையில் பிடித்த உருக்குக் குழாய்களை வரிசையாக வைத்து, குற்றம் நடந்த இடத்துப் பொருளை முகர்ந்த நாயை விட்டு முகரச் செய்தார்கள். எது சந்தேக நபரின் குழாய் என்று நாயைக் கொண்டுவருபவருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. ஆனால் 1997 முதல் 2006 வரை நாட்டின் ஒரு பகுதியில் அவர்களுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருந்தது. எசமானின் நடை ஒரு கணம் தயங்கினால் போதும், நாய் பிடித்துக்கொள்ளும்.

சரி, அதை விடுங்கள். எசமான் நேர்மையானவர், நாயும் கெட்டிக்கார நாய் என்றே வைப்போம். எங்கள் ஊருக்கு வந்தது அப்படிப்பட்ட நாய்தான்.

கண்ணகையம்மன் சடங்கு முடிந்த மூன்றாம் நாள் உண்டியலை உடைத்துவிட்டார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஜீப்பில் நாய் வந்தது. உடைந்த பூட்டை முகர்ந்தது, கிணற்றடியால் போய் நேரே மாமாவின் கடப்புக்குள் நுழைந்தது. கொடியில் மாமாவின் சால்வை காய்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே போய்க் குந்தியது. நாக்கிலிருந்து எச்சில் மண்ணில் சொட்டியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஊரே வேலிக்கு மேலால் பார்த்தது.

"ஒவ்வொரு நாளும் அந்தாள் துடைக்கிற உண்டியல்கா அது!" என்று மாமி கத்தினா. யார் கேட்டார்கள்?

விடிய எழும்பி விளக்குத் துடைத்து, உண்டியல் துடைத்து, பூட்டுக்கும் சந்தனம் வைப்பவர் மாமா. அவருடைய வாசம் பூட்டில் இல்லாவிட்டால்தான் அதிசயம். நாய் பொய் சொல்லவில்லை, தம்பி. இந்தக் கை இதைத் தொட்டது என்றது. எப்போது, எதற்குத் தொட்டது என்று நாய்க்கும் தெரியாது, உங்கள் புளோரிடாக் கருவிக்கும் தெரியாது. மிச்சத்தை வேலிக்கு மேலால் பார்த்தவர்கள் சொல்லி முடித்தார்கள். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் உட்பட.

மாமாவைப் பொலிஸில் இரண்டு இரவு வைத்திருந்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பினார்கள். எடுத்தவன் அகப்படவேயில்லை. 'நாய் குந்தின வளவு' என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மேற்படிப்பு கேட்டீர்கள். படியுங்கள், இரசாயனத்தை ஒழுங்காகப் படியுங்கள், அதற்கு என்னிடம் கேட்க வேண்டியதில்லை.

மாமா அதற்குப் பிறகும் சடங்குக்கு வருவார். உண்டியலுக்கு நாலடி தள்ளி நின்று, காசை என் உள்ளங்கையில் வைப்பார். "நீ போடு மனே" என்பார்.