குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவருக்கு வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

"என் அண்ணனுக்குக் குடல் புற்றுநோய். அடுத்த வாரம் சிகிச்சை தொடங்குகிறது. மருந்தை டாக்டர் பார்த்துக்கொள்வார், வீட்டில் நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தைரியம் சொல்லுங்கள் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எனக்கும் ஏகப்பட்ட பேர் தைரியம் சொன்னார்கள். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது தண்ணீர் இறங்காத ஒரு படுக்கை விரிப்பும் நல்ல கத்தரிக்கோலும்.

நான் டாக்டர் இல்லை. யாரும் அதைக் கீழே வந்து ஞாபகப்படுத்த வேண்டாம். மலக்குடலில் கட்டி வந்து ரேடியேஷன், ஆபரேஷன், கீமோ எல்லாவற்றையும் பார்த்தவன், அவ்வளவுதான். உங்கள் அண்ணனுக்குக் கட்டி எந்த இடத்தில் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு வந்ததுபோல் கீழே, மலக்குடலில் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மேலே பெருங்குடலில் என்றால் வயிற்றில் ஒட்டும் மலப் பை பற்றிச் சொல்வது பெரும்பாலும் தேவைப்படாது.

கீழ்ப்பகுதியில் குடலை வெட்டி இணைத்தால், இணைத்த இடம் ஆறும்வரை மலம் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சிறுகுடலை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே எடுத்துவிடுவதுண்டு. அதுதான் ஸ்டோமா. அதன் மேல் பை ஒட்டியிருக்கும். உதட்டின் உட்புறம்போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது. ஆனால் சுற்றியிருக்கும் தோலுக்கு வலிக்கும். டிஸ்சார்ஜ் ஆன மூன்றாம் நாள் ராத்திரி அதைத் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பை மாற்றுவதை ஒரே ஒரு தடவை காட்டினார்கள். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் நானும் என் மனைவியும் நன்றாகத் தலையாட்டினோம். வீட்டில் முதல் பையை நானே மாற்றினேன். தாராளமாக இருக்கட்டும் என்று பையின் ஒட்டும் பகுதியில் ஸ்டோமாவுக்கான ஓட்டையைப் பெரிதாக வெட்டிவிட்டேன். சிறுகுடலிலிருந்து வருவது ஜீரண நீரோடு தண்ணியாக வரும். தோலில் பட்டால் தோலையே செரிக்கப் பார்க்கும். நடு ராத்திரியில் நெருப்புப் பட்டதுபோல் எரிச்சல். விளக்கைப் போட்டுப் பார்த்தால் பை ஒரு ஓரம் பிரிந்து பனியன், விரிப்பு, மெத்தை எல்லாம் நாசம். புதிதாக ஒன்றை ஒட்டினேன். ஈரத்தில் நிற்கவில்லை. இன்னொன்று. அதுவும் வழுக்கிக்கொண்டு வந்தது. வீட்டில் இருந்ததே ஐந்து பை, அதில் மூன்று போய்விட்டது.

அன்றைக்கு என் தம்பி எங்கள் வீட்டில் படுத்திருந்தான். சத்தம் கேட்டு வந்தவனை "உள்ளே வராதே" என்று கத்தினேன். அவன் காதிலேயே வாங்கவில்லை. வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்தான், விரிப்பைச் சுருட்டி எடுத்தான், ஸ்டோமாவின் மேல் துணியைப் பொத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மேசை விசிறியை என் வயிற்றுக்கு நேரே திருப்பினான். "அஞ்சு நிமிஷம் காயட்டும்ணா, அப்புறம் ஒட்டலாம்." ஒட்டியது. அதற்குமுன் நானும் அவனும் இந்த மாதிரி விஷயத்தை வாழ்க்கையில் பேசியதே கிடையாது.

மறுநாள் ஸ்டோமா நர்ஸிடம் ஓடினோம். ஓட்டை ஸ்டோமாவைவிட 2, 3 மில்லிமீட்டர்தான் பெரிதாக இருக்கலாம் என்றார். முதல் 6 முதல் 8 வாரங்களுக்கு ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும், ஆகவே அடிக்கடி அளந்து பார்த்துத்தான் வெட்ட வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் மாற்றினால் ஒழுகுவது குறைவு. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும், விட்டால் கனத்திலேயே பிரிந்துவிடும். இதெல்லாம் டிஸ்சார்ஜுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியது. சரி.

அவர் இன்னொன்று கேட்டார். "ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்க?" அதுவரை எல்லாரும் கேட்டது "எப்படி இருக்கீங்க?" அதற்கு "பரவாயில்லை" என்பதைத் தவிர மனுஷன் என்ன சொல்வான்? இதற்கு எண் சொல்லியாக வேண்டும். ஆறு தடவை என்றேன். எவ்வளவு போகிறது என்று அளக்கச் சொன்னார். ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. தலைசுற்றலை நான் பலவீனம் என்று நினைத்திருந்தேன், உடம்பு வற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் உப்பு இன்னும் குறையுமாம். உப்பு சர்க்கரைக் கரைசலும் மருந்தும் கொடுத்தார்கள்.

அண்ணனிடம் இந்த மாதிரிக் கேளுங்கள். எத்தனை தடவை, எவ்வளவு, எந்த விரலில் மரத்துப்போகிறது, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா. நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். கீமோவின்போது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுங்கள். ஆக்ஸாலிப்ளாட்டின் என்ற மருந்து கொடுத்தால் சில நாளுக்குக் குளிர்ச்சி ஆகாது. முதல் டோஸுக்கு மறுநாள் தெரியாத்தனமாக ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தேன், விரலில் கரண்ட் அடித்ததுபோல் இருந்தது. ஜில்லென்று ஒரு வாய் குடித்திருந்தால் தொண்டை இறுகி மூச்சே நின்றுவிட்டதுபோல் தோன்றும் என்றார்கள். அந்த வாரம் ஃப்ரிட்ஜை வேறு யாராவது திறக்கட்டும்.

ஒரு விஷயம் நீங்கள் கேட்க முடியாது, அண்ணிதான் கேட்க வேண்டும். இந்த ஆபரேஷனும் ரேடியேஷனும் தாம்பத்தியத்தைப் பாதிக்கலாம். சிகிச்சை தொடங்கும் முன்பே இருவரும் சேர்ந்து டாக்டரிடம் பேசிவிட்டால் நல்லது. நாங்கள் பேசவில்லை.

இனி சொல்வதற்கும் நீங்கள் கேட்டதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ட்ரிப்ஸோடு கூட கேப்சைடபீன் என்ற கீமோ மாத்திரையும் உண்டு, 14 நாள் போட்டு 7 நாள் இடைவெளி. அதில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும். சிலருக்குக் கைரேகையே அழிந்துவிடும். கதை இல்லை, அந்த மாத்திரை போட்ட சிங்கப்பூர்க்காரர் ஒருவரை ரேகை இல்லை என்று அமெரிக்காவில் விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் உட்காரவைத்ததாக 2009இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. என் ஆபீஸில் வருகைப்பதிவு விரல் வைக்கும் மிஷினில். நான்காம் சுற்றில் அது என்னை அடையாளம் தெரியாது என்றுவிட்டது. பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, நான் விரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வைக்கிறேன். டாக்டர் கடிதம் கொடுத்தேன். "சிஸ்டத்தில் ஏறாத நாள் வராத நாள்தான்" என்றார் மேலாளர். மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். பையைக் கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தவனுக்கு! கீமோ முடிந்தபின் ரேகை வந்துவிட்டது. அந்தப் பணத்துக்கு இன்னும் மனு போட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் அண்ணன் வேலைக்குப் போகிறவர் என்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குடலை உள்ளே வைத்துப் பையை எடுத்தபிறகு எல்லாரும் வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கலைந்துபோவார்கள். எனக்கு அப்போதுதான் ஆள் தேவைப்பட்டது. மலக்குடல் என்பது தேக்கிவைக்கிற இடம். அது போய்விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக, நினைத்த நேரத்தில் எல்லாம் வரும். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை போனேன். போய்விட்டு வந்து உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் மறுபடி. புற்றுநோய் திரும்பிவிட்டது என்றே நினைத்து யாரிடமும் சொல்லாமல் ஒரு மாதம் இருந்தேன். சொன்னால் நன்றி கெட்டவன் என்பார்கள் என்று பயம், உயிர் பிழைத்தவனுக்கு என்ன குறை என்று. மலக்குடல் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் இந்தத் தொந்தரவுக்கு லார்ஸ் (LARS) என்று ஒரு பெயரே இருக்கிறது. டென்மார்க்கில் 2012இல் அதற்கென்று ஐந்தே கேள்விகளில் ஓர் அளவுகோல் போட்டிருக்கிறார்கள், 42க்கு 30 வந்தாலே கடுமை. எனக்கு 38. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் பேதியைக் கட்டுப்படுத்தும் லோபரமைடு மருந்து, இடுப்புத் தசைக்குப் பயிற்சி என்று டாக்டர் சொன்னபடி செய்ததில் ஒரு வருடத்தில் ஐந்து தடவைக்கு வந்தது. இன்றைக்கும் வெளியே எங்காவது போனால், தம்பி முன்னால் போய்க் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வந்து கண்ணைக் காட்டுவான்.

பை வைப்பார்களா என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள். அளவு எடுத்து வெட்டுவதை விவரமாகச் சொல்கிறேன்.