ராவணன் மீசை: கேள்வி பதில்

கே: பெசன்ட் நகர் கடற்கரையில முள்ளுப் பந்து ஒண்ணு காத்துல உருண்டு ஓடுச்சு. என்ன செடிங்க அது?

ப: ராவணன் மீசை, ஸ்பினிஃபெக்ஸ்ங்கிற பேரினத்தைச் சேர்ந்த புல் வகைங்க. நீங்க பார்த்தது அதோட பெண் கதிர்க்கொத்து. முற்றினதும் காம்போட ஒடிஞ்சு, முள்ளையே காலா வச்சுக்கிட்டு ஓடும். வழியில உடைஞ்சு விதையை உதிர்க்கும். அடுத்த தடவை ஒண்ணைப் பிடிச்சு (விரல் பத்திரம்!) ஒரு முள்ளைப் பிய்ச்சுப் பாருங்க. அடியில ஒட்டிக்கிட்டு இருக்கிறதுதான் கதிர்மணி, அதாவது விதை உள்ள சின்னக் கதிர்.

கே: எங்க ஊர் மணல்மேட்டுல ஏராளமா இருக்கு. பந்தே வர்றதில்லையே?

ப: ஆண் செடியா இருக்கும். இதுல ஆண், பெண் தனித்தனி. ஓடுதண்டு கணுக்கணுவா வேர் விட்டுப் பரவுறதால மேடு முழுக்க ஒரே செடியாக்கூட இருக்கலாம்.

கே: ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கிறேன். இங்கே உள்நாட்டுப் பாலை முழுக்க ஸ்பினிஃபெக்ஸ். நம்மூருக்கு இங்கிருந்துதான் வந்ததா?

ப: இல்லீங்க, பேர் பண்ணின குழப்பம் அது. அங்க பாலையில இருக்கிறது டிரையோடியா, வேற பேரினம். ஊர் வழக்குல ஸ்பினிஃபெக்ஸ்னு ஒட்டிக்கிச்சு. உண்மையான ஸ்பினிஃபெக்ஸ் கடலோரப் புல். ஆஸ்திரேலியக் கடற்கரையிலயும் அதுல சில இனங்கள் உண்டு. கிழக்குக் கரையில இருக்கிற சீரிசியஸ்ங்கிற இனம் பட்டு மாதிரி மெத்துனு இருக்கும். நம்மது ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ், இலை நுனி ஊசி. இந்தியா, இலங்கை, மியான்மர், தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தென்சீனா, தைவான், ஜப்பானோட ரியூக்யூ தீவுகள்னு கரையோரமாவே போகும் அதோட பூர்வீகம். டச்சுத் தாவரவியலாளர் நிகோலாஸ் பர்மன் 1768லயே வேற பேர்ல இதை எழுதி வச்சுட்டார். யாரும் கொண்டு வந்து நட்டதில்லை.

கே: இலங்கையில் இதற்கு என்ன பெயர்?

ப: சிங்களத்துல 'மகா ராவணா ரெவுல'. ரெவுலன்னா தாடி. நாம மீசையோட நிறுத்திக்கிட்டோம்.

கே: கடலோர மனை வாங்கியிருக்கோம் சார். பசங்க காலைக் குத்துது, ஜேசிபி விட்டு வழிச்சிடலாமா?

ப: வேண்டவே வேண்டாம். காத்துல வர்ற மணல் இந்தப் புல்லுல முட்டித்தான் மேடாகுது. மூடின மணலை மீறி தண்டு மறுபடி மேல வரும், மேடும் கூடவே வளரும். வழிச்சிட்டா அந்த மணல் உங்க வாசலுக்குத்தான் வரும். எல்லாரும் சவுக்கு நடச் சொல்வாங்க. எனக்கு அதுல உடன்பாடில்லை, அதோட நிழல்ல இது பிழைக்காது. ஆள் போக நாலடி வழி மட்டும் விடுங்க, அதையும் கொஞ்சம் வளைச்சு விடுங்க. நேரா வெட்டினா காத்து அது வழியாவே மணலை அள்ளிக்கிட்டு வந்துடும்.