முகூர்த்தக் காசில் குல்மார்க்

கேள்வி: பனிச்சறுக்கைப் படமெடுத்து, எழுதிப் பிழைக்கிறீர்களாமே, கட்டுபடியாகிறதா?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அதை மட்டும் நம்பினால் ஆகாதுங்க. வைகாசியில் ஈரோடு, பெருந்துறைப் பக்கம் கல்யாணப் படம் எடுப்பதால்தான் தை, மாசியில் காஷ்மீரில் பனிச்சறுக்கு நடக்கும் குல்மார்க் போக முடிகிறது. (தை முகூர்த்தங்களை விட்டுவிட்டுப் போவதில் அம்மாவுக்கு இன்னும் ஆற்றாமைதான்.) அங்கே 2020 முதல் மத்திய அரசின் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன; பத்திரிகைகள் படம் கேட்பது அப்போதுதான். கட்டுரையும் சேர்த்துக் கொடுத்தால் கொஞ்சம் கூடுதலாக வரும், பலமுறை நினைவூட்டிய பிறகு.

வெண்பனியைக் கேமரா சாம்பலாக்கிவிடும். அதனால் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தின் அளவை, ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) ஏற்றி வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருப்பேன். சூடான அறைக்குள் நுழையுமுன் கேமராவை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் வேர்த்துவிடும். அப்புறம், முதலில் சறுக்கப் பழகுங்கள். நல்ல கோணம் கிடைக்கும் சரிவுக்கு நடந்து போக முடியாது.