கேள்வி-பதில்: கோடை இசைவிழா டிக்கெட்டுகள்

கே: பியானோ கச்சேரிக்கு முதல் வரிசையில் நடுவே டிக்கெட் இருக்கிறது. விலை அதிகம். வாங்கலாமா?

ப: வேண்டாம். ஒரு முறை அப்படி வாங்கி வருத்தப்பட்டேன். மேடை உயரம். இரண்டு மணி நேரமும் பியானோவின் கறுத்த அடிப்பலகையையும் பெடலை மிதிக்கும் ஒரு ஷூவையும்தான் பார்த்தேன். ஒலி தலைக்கு மேலே தாண்டிப் போய்விட்டது. வாசிப்பவர் நமக்கு இடப்பக்கம் உட்காருவார். விரல்களைப் பார்க்க வேண்டுமென்றால் இடப்பக்கம், சில வரிசை தள்ளி வாங்குங்கள். மேடைக்குப் பின்னால் கிடைக்கும் மலிவு இருக்கைகள் சிம்பொனிக்கு அருமை, இசைக்குழு நடத்துநரின் முகம் தெரியும். ஆனால் பியானோவின் மூடி ஒலியை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். பியானோவை முன்னிறுத்தி இசைக்குழுவோடு வாசிக்கும் கான்செர்ட்டோவுக்கு அங்கே வாங்காதீர்கள்.

கே: புகழ்பெற்ற கலைஞருக்காக வாங்கினேன். அவருக்கு உடம்பு சரியில்லை என்று வேறொருவர் வாசித்தார். பணம் வருமா?

ப: பெரும்பாலும் வராது. கலைஞர் மாறலாம் என்று நிபந்தனையில் போட்டிருப்பார்கள்.

கே: தேடியதும் முதலில் வந்த தளத்தில் லண்டன் ப்ராம்ஸ் (Proms) இசைவிழாவுக்கு டிக்கெட் இரண்டு வாங்கினேன், நாலு மடங்கு விலைக்கு. வாசலில், அதே பார்கோடில் வேறு யாரோ ஏற்கெனவே உள்ளே போய்விட்டதாகச் சொன்னார்கள். வயதான அம்மாவோடு திரும்பி வந்தேன்.

ப: படிக்கவே மனது கஷ்டமாக இருக்கிறது. தவறு உங்களுடையது இல்லை. தேடலில் உச்சியில் வருவது பல சமயம் காசு கொடுத்துப் பிடித்த விளம்பர இடம். உள்ளே போனால் அரங்கின் படம், 'இன்னும் 2 டிக்கெட்தான்' என்ற மிரட்டல், ஓடும் கடிகாரம். கையில் டிக்கெட்டே இல்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டு அப்புறம் டிக்கெட் தேடுகிறவர்களும் உண்டு. விற்றவர் கண்ணில் படுவதே இல்லை. வாசலில் தலைகுனிந்து நிற்பது வாங்கியவர்தான். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ப்ராம்ஸ் 1895-ல் குயின்ஸ் ஹாலில் தொடங்கியதே, கையில் அதிகம் இல்லாதவர்களும் நல்ல இசை கேட்கட்டும் என்றுதான். இப்போது நடக்கும் ராயல் ஆல்பர்ட் ஹாலிலும் நின்று கேட்கும் இடங்களைக் குறைந்த விலைக்குக் கச்சேரி நாளன்றே விற்கிறார்கள். அம்மாவால் நிற்க முடியாதென்றால், அரங்கின் சொந்தத் தளத்தையே அடிக்கடி பாருங்கள். பிறர் திருப்பிக்கொடுக்கும் இருக்கைகள் அங்கே மறுபடி விற்பனைக்கு வரும்.

கார்டில் கட்டியிருந்தால் இன்றே வங்கிக்கு எழுதி சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேளுங்கள். ஆர்டர் மின்னஞ்சல், டிக்கெட்டின் படம், உள்ளே விடவில்லை என்று அரங்கிலிருந்து எழுத்தில் ஒரு வரி, மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

கே: அமெரிக்காவின் டாங்கிள்வுட் இசைவிழாவில் சனிக்கிழமை காலை டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. நடத்துநர் பாதியில் நிறுத்தி, வாசித்ததையே திரும்ப வாசிக்க வைத்தார். புகார் செய்யலாமா?

ப: எதற்கு? நீங்கள் வாங்கியது ஒத்திகைக்கான டிக்கெட். வாங்கும்போதே அப்படித்தான் போட்டிருக்கும். இரண்டு வரி படிக்க நேரமில்லாமல் பணம் கட்டிவிட்டு, பிறகு விழாக்காரர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

கே: அங்கேயே புல்வெளி டிக்கெட் வாங்கப்போகிறேன். மழை வந்தால்?

ப: கச்சேரி நடக்கும், பணம் திரும்பாது. மழைக்கோட்டு கொண்டுபோங்கள். புல்வெளியில் ஒலிபெருக்கி வழியாகத்தான் கேட்பீர்கள், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். நனைய மனமில்லை என்றால் 1938-ல் திறக்கப்பட்ட 'ஷெட்' என்ற அரங்குக்குள் வாங்குங்கள். கூரையின் கீழ் சுமார் 5,000 இருக்கைகள் இருக்கின்றன.