ஓசூருக்குக் கொண்டுவந்ததும் ஸ்பீட் போட்டின் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்றுகள்) விழுந்துவிட்டது. 21 பிட்ச் புரொப்பெல்லரை மாற்றணுமா?

மாற்றுங்கள், 19 போடுங்கள். சென்னைக் கடலில் 5,800 தொட்ட எஞ்சின் இங்கே 5,400 தாண்டவில்லை என்கிறீர்கள். எஞ்சினில் கோளாறு தேடுவதற்கு முன் உயரத்தைப் பாருங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். காற்று லேசு, எஞ்சின் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

21 பிட்ச் என்றால், தண்ணீரில் வழுக்கலே இல்லாவிட்டால் புரொப்பெல்லரின் ஒரு சுற்றுக்குப் படகு 21 அங்குலம் நகரும். தொப்பூர் கணவாயில் லோடு லாரியை டாப் கியரிலேயே ஏற்றினால் எப்படித் திணறும்? பலம் குறைந்த எஞ்சினுக்கு 21 பிட்ச்சும் அதே கதைதான். பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைத்தால் 150–200 ஆர்பிஎம் கூடும்.

வழக்கமான ஆட்கள், பெட்ரோலோடு முழு த்ராட்டிலில் ஓட்டிப் பாருங்கள்; கையேடு சொல்லும் ஆர்பிஎம் வரம்பின் மேல்பாதியில் முள் நிற்கணும். (வேகத்துக்காகப் பிட்ச்சை ஏற்றுகிறவர்கள்தான் எஞ்சினைத் தின்கிறார்கள்.) பழைய 21-ஐ விற்றுவிடாதீர்கள், சென்னைக்குப் போனால் அதுதான் வேண்டும்.