பொன்னாடைக்குப் பரிகாரம் உண்டா?

கேள்வி: பாபநாசத்தில் தாமிரபரணியில் குளித்து, உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டால் தோஷம் கழியும் என்கிறார்கள். ஆறு கெடுகிறது என்றும் சொல்கிறார்கள். எது சரி? ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்திக் கேட்கிறேன்.
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பொன்னாடையா? கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம் அய்யா. ஆறு கொஞ்சம் பொறுக்கட்டும்.

என் பீரோவில் ஒரு தட்டு முழுக்க அதுதான். அத்தனையும் பாலியெஸ்டர். உடுத்த முடியாது, துவட்டினால் ஈரம் ஏறாது, தரை துடைக்கவும் லாயக்கில்லை என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. மிச்சமிருக்கும் ஒரே வழி, அடுத்த கூட்டத்தில் இன்னொருவர் தோளில் போடுவது. பாளையங்கோட்டையில் ஓர் இலக்கிய அமைப்பின் செயலாளருக்கு நான் போர்த்தியது, மறு வருஷமே என் தோளுக்குத் திரும்பி வந்தது. ஓரத்தில் என் பேனா கசிந்த மைக்கறை அப்படியே! "வீரவநல்லூர்த் துண்டு போடுங்களேன், செடிபுட்டாச் சேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்" என்று இதே பக்கத்தில் எழுதியதற்காக என்னோடு பேச்சை நிறுத்தியவர் அவர். பேசாமலேயே போர்த்தினார். போகட்டும், ஆற்றில் விடாமல் என்னிடம் விட்டாரே.

சரி, ஆறு. வேட்டியை ஆற்றோடு விட்டதெல்லாம் பருத்தி காலத்து வழக்கம். அது மட்கும். இன்று உலகில் தயாராகும் இழையில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர், பெட்ரோலியத்தின் வாரிசு. பாறை இடுக்கிலும் படித்துறையிலும் சிக்கி, நைந்து நைந்து, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழையாக உதிரும். தன்னார்வலர்கள் அள்ள அள்ள, அடுத்த பஸ்ஸில் புதுத் தோஷம் வந்து இறங்குகிறது. புன்னைக்காயலில் கடலைச் சேருமுன் பல மாவட்டங்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற ஆறு இது. பாபநாசத்துக்குக் கீழே இருக்கும் அம்பாசமுத்திரத்துக்காரர் நீங்கள்; முதல் குடம் உங்களுக்குத்தான்.

"பருத்தி என்றால் விடலாமா?" என்று அடுத்த தபாலில் கேட்காதீர்கள். ஒரு பருத்தி டி-சர்ட்டுக்குச் செடி வளர்ப்பதில் தொடங்கிச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவு என்று கணக்குச் சொல்கிறார்கள். அவ்வளவு தண்ணீர் குடித்த துணியை மறுபடி தண்ணீரிலேயே போடுவானேன்? கட்டிய வேட்டியோடு வீட்டுக்கு வாருங்கள். துவைத்துக் காயப்போட்டு, வேண்டியவருக்குக் கொடுங்கள்.

துணியோடு தோஷமும் அவருக்குப் போகுமா என்றால், அதை நம் ஜோசியப் பக்கத்தாரிடம் கேளுங்கள். அவரோடும் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.