இருபது சதவீதமும் நகத்தளவு மின்கலமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கார்பன் சேர்மங்களால் ஆன கரிம சூரிய மின்கலங்களின் செயல்திறன் 20 சதவீதத்தை எட்டிவிட்டதாகப் படித்தேன். செய்தித்தாளைப் போல அச்சடித்துத் தள்ளலாம் என்கிறார்கள். சிலிக்கான் தகடுகளின் காலம் முடிகிறதா? இவை ஏன் இன்னும் பரவலாக விற்பனைக்கு வரவில்லை?

கவிதா

அன்புள்ள கவிதா,

முடியவில்லை. ஆனாலும் அந்தச் செய்தி என்னை மகிழ்விக்கிறது. 1986இல் கோடக் நிறுவனத்தின் சிங் டாங் அறிவித்த இரண்டடுக்குக் கரிம மின்கலத்தின் செயல்திறன் ஏறத்தாழ 1 சதவீதம்தான்.

கரிமப் பொருளில் ஒளி பட்டதும் எலக்ட்ரான் உடனே விடுபடுவதில்லை. அது விட்டுச்சென்ற நேர்மின் வெற்றிடமான துளையோடு பிணைந்தே அலைகிறது. சுமார் 10 நானோமீட்டருக்குள் அந்த இணையைப் பிரிக்காவிட்டால் ஆற்றல் வீண். ஒளியைப் போதுமான அளவு உறிஞ்சவோ படலம் 100 நானோமீட்டராவது இருக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்த்த வழி எளிமையானது, அழகானது. எலக்ட்ரானைக் கொடுக்கும் பாலிமரையும் அதை வாங்கும் பந்து வடிவக் கார்பன் மூலக்கூறான ஃபுல்லரினையும் ஒரே கரைப்பானில் கலந்து பூசிவிடுவது. 1995இல் ஆலன் ஹீகர் குழுவினர் இதைச் செய்துகாட்டினார்கள். உலர உலர இரண்டும் பிரிந்து, ஒன்றுக்குள் ஒன்று வேரோடிய வலையாகின்றன. இணை எங்கே பிறந்தாலும் பக்கத்திலேயே ஓர் எல்லை காத்திருக்கும். பிறகு ஃபுல்லரினின் இடத்துக்கு வேறு மூலக்கூறுகள் வந்தன. 2019இல் சீனாவில் உருவான ஒய்6 என்ற மூலக்கூறு செயல்திறனை 15 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது.

ஆக, எல்லாமே உலர்வதில்தான் இருக்கிறது. ஆய்வகத்தில் நகத்தைவிடச் சிறிய பரப்பில் சில சொட்டுக் கரைசலை விட்டுச் சுழற்றுகிறார்கள். கரைப்பானான குளோரோஃபார்ம் நொடிகளில் ஆவியாகிவிடும். வலை நுண்ணியதாக அமையும். தொழிற்சாலையில் மீட்டர் மீட்டராக ஓடும் பிளாஸ்டிக் சுருளில் அந்த நச்சுக் கரைப்பானைக் கொட்ட முடியாது. தீங்கு குறைந்த கரைப்பான்கள் பெரும்பாலும் மெதுவாக உலர்கின்றன. அதற்குள் மூலக்கூறுகள் தம் இனத்தோடு திரண்டு பெரிய திட்டுகளாகிவிடுகின்றன. இணைகள் எல்லையைத் தொடாமலே அழிகின்றன. பூசும் வேகம், வெப்பம், காற்றோட்டம் ஆகியவற்றோடு பொறியாளர்கள் மல்லுக்கட்டுவது இதற்காகத்தான். புதிய மூலக்கூறு கண்டவருக்குக் கிடைக்கும் கைதட்டலில் பாதியாவது இவர்களுக்கும் சேர வேண்டும் என்பேன்.

அடுத்தது ஆயுள். ஆக்சிஜனும் ஈரமும் வெளிப்பகை. உள்ளேயே ஒரு பகையும் உண்டு: எலக்ட்ரானைக் கடத்த வைக்கும் துத்தநாக ஆக்சைடு அடுக்கே புற ஊதா ஒளியில் தன்மேல் படிந்த மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. சிலிக்கான் தகடுகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். அந்தப் பந்தயத்தில் கரிம மின்கலத்தை இப்போதே இறக்கிவிடுவது நியாயமில்லை.

அதற்கான இடம் ஜன்னல் கண்ணாடி என்றே நினைக்கிறேன். அகச்சிவப்பை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியை உள்ளே விடும்படி மூலக்கூறுகளை வடிவமைக்கலாம். அது சிலிக்கானுக்கு வராத வித்தை.